காப்புக் கட்டிய வீட்டில் ஒரு பூனைக்குட்டியின் வயிறு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. யாங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில், தன்லியினில் நான் வேலை பார்க்கும் குடிநீர்த் தொழிற்சாலையின் காலிப் பாட்டில் கொட்டகையில், ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி மூன்று நாளாகத் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. தாய்ப்பூனை திரும்பி வரவில்லை.

2. தொழிற்சாலைக்குள் விலங்குகளுக்கு அனுமதி இல்லை. அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, சுவரில் ஒட்டியவள் நான். ஆகவே குட்டியை அப்புறப்படுத்தும் வேலையும் எனக்கே வந்தது.

3. அப்புறப்படுத்தினேன். அட்டைப்பெட்டியில் வைத்து, பயணிகள் வண்டியான லைன்காரில் ஏறி, பகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தாமுவேயில் எங்கள் வீட்டுக்கு.

4. வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா அதற்கு முந்தின நாள்தான் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தாள்.

5. இரண்டாம் நாள் குட்டிக்கு வயிற்றுப்போக்கு.

6. மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர். பூச்சி மருந்து கொடு, கோழிக்கறி கொடு, பால் கொடுக்காதே என்றார்.

7. நான்காம் நாள் சமையலறைச் சுவரில் அட்டவணை ஒட்டினேன்.

8. அதன்பின் எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. குட்டி மட்டும் செத்துக்கொண்டிருந்தது.

என் வேலை தரக் கட்டுப்பாடு. ஒரு மூடி கால் சுற்று தளர்ந்திருந்தால் போதும், அன்றைய பாட்டில்கள் அத்தனையையும் லாரியில் ஏறவிடாமல் நிறுத்திவைக்க எனக்கு அதிகாரம் உண்டு. அரைக் கிலோ எடையுள்ள ஓர் உயிரின் குடல் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்தேன். அப்படி நினைக்க ஆதாரம் ஏதும் இருக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பக் கூடாது என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுப்பதும் நான்தான்.

முதல் நாள் பெட்டியைத் திறந்ததும் அம்மா இரண்டடி பின்வாங்கினாள். மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கட்டிய நூலில் இன்னும் ஈரம் காயவில்லை.

"ஏண்டி, வருஷம் முன்னூத்தி அறுவத்தஞ்சு நாள் கெடக்கு. காப்புக் கட்டுன மறுநாளா பூனையக் கொண்டாருவ?"

"அதுக்கு நாள் பாக்கத் தெரியாதும்மா."

"உனக்குமா தெரியாது? வீட்டுல கவுச்சி கூடாது. முட்டைகூடக் கூடாது. தெரியுமில்ல?"

"பூனைக்கு யாரும் காப்புக் கட்டலையே."

"இந்த வீட்டுச் சோத்தத் திங்கப்போவுதில்ல? அப்ப அதுக்கும் வெரதந்தான்."

இப்படியாக ஏழு வாரக் குட்டி ஒன்று, யாரும் அதன் சம்மதம் கேட்காமலே, சைவமானது. முதல் நாள் தயிர்ச்சோறு தின்றது. ஆசையாகவே தின்றது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில், பூனை இனமே இத்தனை காலமாகத் தவறாக வளர்க்கப்பட்டு வந்திருக்கிறது என்பது நிரூபணமாகியிருந்தது. மறுநாள் காலையில் அட்டைப்பெட்டியும், அதன் கீழே விரித்திருந்த என் பழைய லுங்கியும், அந்த நிரூபணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டன.

மருத்துவர் தாமுவே சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் பார்க்கிறார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். பர்மியர், ஊரே அவரை மரியாதையாகச் சயா என்று அழைக்கிறது, நாங்களும் அப்படியே. குட்டியின் வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, பூச்சி இருக்கிறது, அதோடு தயிர் வேறு சேர்ந்திருக்கிறது என்றார். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இடையிடையே உப்புச் சர்க்கரைக் கரைசல், சொட்டுக் குழாயில். பால், தயிர் எதுவும் கூடாது.

"பெயர்?" என்று கேட்டார், அட்டையில் எழுத.

"இன்னும் வைக்கவில்லை."

"சரி, பிழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். ஆறுதல் சொல்லும் கலையை அவர் படித்த கல்லூரியில் விருப்பப் பாடமாக வைத்திருந்திருப்பார்கள் போலும்.

கோழிக்கறி என்ற சொல்லை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் அப்படியே சொன்னேன். அவள் கத்தவில்லை. தீர்ப்புத்தான் சொன்னாள்.

"எங்க வேணா வேகவையி, எங்க வேணா குடு. வாசப்படிய மட்டும் தாண்டக் கூடாது."

தீர்வு நான்காம் மாடியில் இருந்தது. எங்களுக்கு நேர் மேலே இருக்கும் பர்மிய ஆன்டி. மகள் வெளிநாட்டில், வீட்டில் தனியாக இருப்பவர். கதையைக் கேட்டதும் தானாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய கன்னம் இரண்டும் மலர, "இதற்கா இத்தனை யோசனை, தமீ? நான் வேகவைக்கிறேன், நானே வந்து ஊட்டுகிறேன்" என்றார். தமீ என்றால் மகள். யாங்கூனில் எனக்கு ஏறக்குறைய நாற்பது அம்மாக்கள் உண்டு. மின்சாரம் முறைவைத்து வருகிற ஊரில் வெந்த கறியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து நம்ப முடியாது. ஆகவே அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக வேகவைப்பதாக ஏற்பாடு.

வேலை இப்படிப் பிரிந்தது. எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுப் பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். நுனியிலிருக்கும் கிளிப்பில் பத்திரிகையோ பார்சலோ மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்வார்கள். நேரம் வந்ததும் அம்மா எங்கள் பால்கனியிலிருந்து கையை நீட்டி, ஆன்டியின் கயிற்றை இழுப்பாள். நான்காம் மாடியில் மணி அடிக்கும். ஆன்டி கிண்ணத்தோடு இறங்கி வருவார். அம்மா கதவைத் திறந்து, பெட்டியைத் துடைப்பத்தால் வாசற்படிக்கு வெளியே தள்ளுவாள். குட்டி மாடிப்படி நடையில் அசைவம் உண்ணும். உண்டு முடித்ததும் வாயைத் துடைத்து, திரும்ப உள்ளே, சைவ எல்லைக்குள். நான் வேலையிலிருந்து வந்தபின் மாலை முறை என்னுடையது. இரண்டு நாட்டுக் குடியுரிமை வைத்திருப்பவர்கள்கூட இத்தனை தடவை எல்லை தாண்டுவதில்லை.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தத்தான் அட்டவணை. அம்மா படித்தது பர்மியப் பள்ளியில் என்பதால் பர்மிய மொழியிலேயே எழுதினேன். நேரம். பூச்சி மருந்து. கோழி, உப்பில்லாமல், எத்தனை கரண்டி. கரைசல், எத்தனை சொட்டு. பால் அல்லது தயிர் கொடுக்கப்பட்டதா, ஆம் அல்லது இல்லை. மலம் எத்தனை முறை. மலத்தின் தன்மை. மலத்தின் நிறம். காலை எடை.

"ஒரு பூனை வெளிக்குப் போறதுக்கு இம்புட்டுக் கணக்கா?" என்றாள் அம்மா. "உன்ன வளக்கும்போது நான் இதெல்லாம் எழுதல."

"அதனாலதாம்மா எனக்கு இன்னிக்கு வரைக்கும் பால் ஒத்துக்கலைன்னு உங்களுக்குத் தெரியல."

"பால் ஒத்துக்காத மனுசன் எங்கயாவது உண்டாடி? எல்லாம் மனசு."

இது எங்கள் வீட்டில் பழைய வழக்கு. இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அம்மா அட்டவணையை மிக நேர்மையாக நிரப்பினாள். மாலையில் வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே சுவரைப் பார்ப்பேன். மருந்து, சரி. கோழி, சரி. கரைசல், சரி. பால், இல்லை. பால், இல்லை. பால், இல்லை. தொழிற்சாலையில் என் கீழ் வேலை செய்கிறவர்கள் இப்படி நிரப்பினால் நான் இன்னும் கொஞ்ச நாள் இளமையாக இருப்பேன்.

ஆனால் எடை இறங்கியது. கொண்டுவந்த அன்று ஐந்நூற்று இருபது கிராம். பிறகு ஐந்நூறு. நானூற்று எழுபது. நானூற்று நாற்பது. சப்பாத்தி மாவு நிறுக்கும் தராசில் அது முதலில் குதித்தது, பிறகு உட்கார்ந்தது, பிறகு படுத்துக்கொண்டது. நிறுக்க வசதியாகத்தான் இருந்தது. பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் கூடாரம் போல நின்றது. உடம்பில் நீர் இல்லை என்று பொருள். நீரைப் பாட்டிலில் அடைத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவள் வீட்டில்.

நிறக் கட்டத்தில் தினமும் ஒரே சொல்: மஞ்சள். சாதாரண மஞ்சள் இல்லை. பளிச்சென்ற மஞ்சள். இணையத்தில் தேடினேன். ஈரல் என்றார்கள், பித்தம் என்றார்கள், பூனைகளுக்கு மட்டுமே வரும் ஒரு நோயின் பெயரைச் சொன்னார்கள்; அதன் கடைசிப் பத்தியை நான் இரண்டாம் தடவை படிக்கவில்லை. சயாவுக்குத் தொலைபேசினேன்.

"எவ்வளவு மஞ்சள்?"

"பழுத்த மாம்பழம்."

"ஈரலாக இருக்கலாம். ஈறைப் பாருங்கள். ஈறும் மஞ்சளாகிவிட்டால், இத்தனை சின்னது தாங்காது. மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்."

அன்றிலிருந்து காலையில் கிளம்பும் முன் கைபேசி வெளிச்சத்தில் அதன் உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன். ஈறு வெளுத்திருந்தது. மஞ்சளாக இல்லை. உள்ளே மஞ்சள் இல்லாத உடம்பிலிருந்து வெளியே எப்படி மஞ்சள் வருகிறது என்ற கேள்வி, என் படிப்புக்கும் வேலைக்கும், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம், இதை ஏன் அந்தக் கொட்டகையிலிருந்து தூக்கிவந்தோம் என்பது மட்டும்தான். அங்கேயே விட்டிருந்தால் அதன் சாவு என் பொறுப்பில் வந்திருக்காது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நினைத்தேன், அதனால் எழுதுகிறேன்.

எட்டாம் நாள் காலை, மூடி இறுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தபோது அம்மாவின் அழைப்பு. வேலை நேரத்தில் அவள் அழைப்பதே இல்லை.

"ஏண்டி... எந்திரிக்க மாட்டேங்குது. தூக்குனா கழுத்துத் தொங்குது. நான் என்ன செய்ய?"

"சயாகிட்ட எடுத்துட்டுப் போங்கம்மா. இப்பவே."

"நானா? தொட்டுத் தூக்கிக்கிட்டா? காப்போடயா?"

"அம்மா."

பின்னணியில் ஒரு மணி, கோயில் மணி போல, விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆன்டியின் கயிற்றை இழுக்கிறாள் என்று புரிந்தது.

அன்று பாலத்தின் மேல் லைன்கார் நகர்ந்த வேகத்தில் பகோ ஆறே எங்களை முந்திப் போனது. நான் சந்தைக்குப் பின்னாலிருக்கும் அந்த அறைக்குள் நுழைந்தபோது பார்த்தது: பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. மஞ்சள் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், கையில் காப்பு. மடியில் அவள் கோயிலுக்கு மட்டுமே எடுத்துப்போகும் பூக்கூடை, காலியாக. பக்கத்தில் ஆன்டி, வீட்டுச் செருப்போடு. எதிரே ஒருவர் தன் நாயைக் காலுக்கடியில் மறைத்துக்கொண்டு, தீ மிதிக்கப் போகும் அம்மனே நேரில் வந்து உட்கார்ந்ததைப் போல இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசைமேல் குட்டி. சயா அதன் முதுகுத் தோலுக்கடியில் ஊசி வழியாக நீர் ஏற்றியிருந்தார்; தோளில் ஒரு மேடு. அவர் அதன் தாடையைப் பஞ்சால் துடைத்தார். பஞ்சைப் பார்த்தார். முகர்ந்தார். மறுபடியும் பார்த்தார்.

"இது மஞ்சள்தூள்" என்றார். "சந்தன வாசனைகூட வருகிறது." அம்மாவின் பக்கம் திரும்பினார். "காலையில் இது என்ன குடித்தது?"

அம்மா தயங்கவே இல்லை. "அம்மன் பிரசாதம்."

விளக்கம் மெல்ல வெளியே வந்தது. காப்புக் காலத்தில் அம்மா தினமும் விடியற்காலைப் பூசைக்குப் போவாள். அபிஷேகம் செய்த பாலை ஆளுக்கொரு பங்காகச் செம்பில் ஊற்றிக் கொடுப்பார்கள். மஞ்சள், சந்தனம், தேன் எல்லாம் வழிந்து கலந்த பால். எங்கள் வீட்டுக்கு இரண்டு பங்கு. அவள் வீட்டுக்கு வரும்போது நான் பாதிப் பாலத்தில் இருப்பேன். வீட்டில் இருந்தாலும் குடிக்க மாட்டேன்.

"உன் பங்குதான்" என்றாள் என்னைப் பார்த்து. "ஒரு நாளாவது குடிச்சிருக்கியா நீ? கீழ ஊத்த முடியுமா அத? கால்ல மிதிபட்டா என்ன ஆவுறது? வீட்டுல மூணாவது ஜீவன் இது ஒண்ணு. பசின்னு கத்துது. தினம் குடுத்தேன். எச்சில் இருக்கக் கூடாதுன்னு வாயத் தொடச்சி விட்டேன். இன்னைக்குத்தான் தொடைக்க நேரமில்ல."

கோபம் வந்தால் எனக்குப் பர்மியம்தான் வரும். "பால் கொடுக்கப்பட்டதா என்று கட்டம் போட்டேன். ஐந்து நாளும் இல்லை, இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்!"

"பால் எங்கடி குடுத்தேன்?" அம்மாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "பால்காரன் பால ஒரு சொட்டு குடுத்திருப்பனா? பிரசாதமெல்லாம் பால்ல சேருமா?"

அப்போது ஆன்டி தொண்டையைச் செருமினார். "தமீ, சொல்லிவிடுகிறேன். நானும் கோழியில் கொஞ்சம் சுவைத்தூள் போட்டேன். கொஞ்சம்தான். உப்பே இல்லாமல் எப்படித் தின்னும், பாவம்?"

இப்படியாக என் அட்டவணையில் பூச்சி மருந்து ஒன்றுதான் உண்மையாக மிஞ்சியது. அதையும் அன்றைக்கு மேற்கொண்டு விசாரிக்க எனக்குத் தைரியமில்லை.

சயா அம்மாவின் பக்கம் திரும்பி, மிக மரியாதையாகச் சொன்னார். ஈரல் கெட்டிருப்பதாகத் தெரியவில்லை. மஞ்சள் எல்லாம் தூளிலிருந்து வந்தது. பாலில் குற்றமில்லை, கடவுளிடமும் குற்றமில்லை. இதன் குடலுக்குப் பாலைச் செரிக்கத் தெரியவில்லை, அதிலும் வெயிலில் வந்த பால். நிறுத்தினால் பிழைக்கலாம். நிறுத்தாவிட்டால் நாளைக்கே போய்விடும்.

அம்மா காலிக் கூடையைப் பார்த்தாள். "அப்படியானால் அந்தப் பங்கை யார் குடிப்பது?"

முதலில் ஆன்டி என்னைப் பார்த்தார். பிறகு சயா. நாய்க்காரருக்கு விஷயம் பாதிதான் புரிந்திருக்கும். அவரும் என்னைத்தான் பார்த்தார்.

திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒரே டாக்சியின் பின்னிருக்கையில். குட்டி பூக்கூடைக்குள், அம்மாவின் மடியில். பாதி வழியில் அவள் தமிழில், ஆன்டிக்குப் புரியக் கூடாதென்று, கேட்டாள்: "நான் கொல்லப் பாத்தேனா அத?"

தினமும் அவள் அதன் வாயைத் துடைத்துவிட்ட முந்தானையில் மஞ்சள் கறை இருந்தது; நான் அதை ஐந்து நாளாக வெறும் புடவைச் சாயம் என்றே நினைத்திருந்தேன். நான் குடிக்காமல் விட்ட என் பங்குதான், அவள் கையால் அதன் வாய்க்குப் போயிருக்கிறது. என் குற்றத்துக்கும் அவள் குற்றத்துக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

"என் அட்டவணையில கேள்வி சரியா இல்லம்மா" என்றேன்.

மறுநாள் காலை அது பெட்டியின் ஓரத்தைப் பிடித்து எழுந்து நின்று, விழுந்து, திரும்ப நின்று, எங்களைத் திட்டியது. எடை நானூற்று இருபத்தைந்து. அதன்பின் அதைவிடக் கீழே போகவில்லை. அம்மா சுவரிலிருந்த அட்டவணையில், என் பர்மியக் கட்டங்களுக்குப் பக்கத்தில், தன் கையால் கோடு இழுத்து ஒரு புதுக் கட்டம் சேர்த்திருந்தாள். தமிழில், எழுத்துக்கூட்டி: பிரசாதம், யார் குடிச்சது. எனக்குக் கீழ் வேலை செய்கிற யாரும் இவ்வளவு நல்ல திருத்தத்தை இதுவரை செய்ததில்லை. இப்போது அவள் கரைசலைத் தானே சொட்டு விடுகிறாள். கோழி வரும் நேரத்தில் வாசற்படிக்கு உட்பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்து, வெளியே குனிந்திருக்கும் ஆன்டியின் கிண்ணத்தை மோப்பம் பிடிக்கிறாள்.

"அக்கா, தூள் போட்டாயா?"

"போடவில்லை, சத்தியமாக."

"எங்கே, நீ ஒரு வாய் தின்று காட்டு."

ஆன்டி ஒரு வாய் தின்று, முகத்தைச் சுளித்துக் காட்டுகிறார். சுளித்தால்தான் கிண்ணத்துக்கு அனுமதி. தொழிற்சாலையில் இந்தச் சோதனை முறையைப் புகுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் பங்கைப் பற்றி: அம்மா பூசை முடிந்து வரும்வரை நான் காத்திருந்து, அடுத்த லைன்காரைப் பிடிக்கிறேன். செம்பை அவள் நீட்டுகிறாள். நின்றபடியே குடிக்கிறேன். கடைசிச் சொட்டு வரை போனதா என்று பார்த்துவிட்டு அவள் கட்டத்தில் என் பெயரை எழுதுகிறாள். பிறகு முந்தானையால் என் வாயையும் துடைக்கிறாள்.

இன்றைய நிலவரம்: குட்டியின் எடை ஐந்நூற்று எண்பது கிராம். மலம் ஒரு நாளைக்கு இரண்டு முறை, கெட்டி, பழுப்பு. மருத்துவ அட்டையில் பெயர்க் கட்டம் இன்னும் காலி. தீமிதிக்கு மூன்று நாள் இருக்கிறது. அதுவரை கோழி வாசற்படி தாண்டாது. வயிறு சரியில்லாமல் இருப்பது இப்போது எனக்கு மட்டும்தான்.